மல்லிகை உதிர்ந்தது, சோறு தீர்ந்தது

கிள்ளான் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நான் நடக்கத் தொடங்கியபோது மத்தியானம் பன்னிரண்டரை. உள்ளே நடந்துகொண்டிருந்தது என் அக்காவின் கல்யாணம். தாலி ஏறிவிட்டது. சோறுதான் முதல் பந்தியோடு தீர்ந்துவிட்டது. இருநூறு பேர் காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்து, என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். கேரி தீவின் எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கினேன். பந்திங்கில் டயர் கழற்றினேன். லோரியில் சாமான் ஏற்றினேன். எதிலும் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை. கடைசியாகப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பானை கழுவியபோதுதான், ஓய்வு நேரத்தில் போனில் வீடியோ பார்த்து ஜாவாஸ்கிரிப்ட் கற்க ஆரம்பித்தேன். இணையப் பக்கத்தில் பொத்தானைத் தட்டினால் ஏதாவது நடக்கிறதே, அதை நடக்க வைக்கும் எழுத்து அது. என் முதல் பொத்தான் திரையைப் பச்சையாக்கியது. கடை முழுக்கக் காட்டினேன்.

"பச்சையாச்சு, சரி. பானை கழுவுமா?" என்றார் சமையற்காரர்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். மாமா குதித்தார்.

"வீட்டுக்கு வீடு போன் அடிச்சுக் கேக்கிறதுதான் வழக்கம். இவன் எதையாச்சும் முழுசா முடிச்சிருக்கானா?"

"இதை முடிப்பான் மாமா" என்றாள் அக்கா. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் சான்றிதழ் அது.

பக்கத்தைச் செய்தேன். பெயர், எத்தனை பேர், கீழே 'வருகிறேன்' என்று ஒரு மஞ்சள் பொத்தான். தட்டினால் திரையில் மல்லிகை உதிரும். (அந்த மல்லிகைக்கு மட்டும் மூன்று வாரம்.) அதற்குக் கீழே வருபவர்களின் பட்டியல். சோதித்துப் பார்க்கச் சொந்தக்காரர்களின் பெயர்களை நானே போட்டேன். போனை அணைத்துத் திறந்தேன். பெயர்கள் அப்படியே இருந்தன! கண் கலங்கிவிட்டது. உடனே இணைப்பை எல்லாருக்கும் அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு பட்டியலைப் பார்த்தேன். நூற்றுப் பத்துப் பேர். நான் யார் யாரைப் போட்டுப் பார்த்தேனோ, சொல்லி வைத்தாற்போல் அவர்கள் மட்டுமே வருகிறார்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. (என்ன ஒரு கணிப்பு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.)

சமையல் குத்தகை எடுத்த சேகர் அண்ணன்தான் தலையைச் சொறிந்தார். "முன்னூறு பேரைக் கூப்பிட்டுட்டு நூத்துப் பத்தா?"

"இது கம்ப்யூட்டர் கணக்குண்ணே."

மண்டபத்தில் சோறு தீர்ந்ததும் மாமா என் சட்டையைப் பிடித்தார். "வராதவங்களுக்கா இலை போட்டிருக்கு?"

"சொல்லாம வந்துட்டாங்க மாமா" என்று நான் வாய் திறந்ததுதான் தாமதம், காப்பாரிலிருந்து வந்திருந்த அத்தை போனை உயர்த்திக் காட்டினார்.

"யாருடா சொல்லல? பாரு லா! முதல் ஆளா போட்டதே நான்தான்!"

அவர் திரையில் பட்டியல் இருந்தது. அதில் அவர் குடும்பம் மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்தவரும் போனை எடுத்தார். "என்னது, நான்ல முதல் ஆளு?" அதற்குள் பந்தி முழுக்கப் போன்கள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குடும்பம். எல்லாரும் தாங்கள்தான் முதலில் சொன்னோம் என்ற பெருமையோடு வந்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எழுதிய சேமிப்பு, தட்டியவருடைய போனுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிற சேமிப்பு. எனக்கு ஒரு பெயர்கூட வந்து சேரவில்லை. நான் பார்த்தது நானே போட்ட பெயர்களை.

அக்கா மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நின்றிருப்பேன். திட்டவில்லை. அதனால் நடந்தேன்.

பாதி வழியில் ஒரு வேன் உரசிக்கொண்டு வந்து நின்றது. சேகர் அண்ணன்.

"எங்கடா ஓடுற? ஏறு! ரெண்டு கை குறையுது."

வழியில் இருந்த ஒவ்வொரு கடையிலும் இறங்கி, தோசைக்கல்லில் பரோட்டா மாதிரி வெந்துகொண்டிருந்த ரொட்டி சானாயை எல்லாம் அள்ளினோம். பருப்புக் குழம்பை வாளியில் வாங்கினோம். நான் வாளியோடு பந்திக்குள் நுழைந்தபோது முதலில் சிரித்தது அக்காதான். பட்டுப்புடவையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து அத்தானுக்கு ஊட்டினாள். இன்றைக்கும் அவர்கள் கல்யாண நாளுக்கு வீட்டில் ரொட்டி சானாய்தான். பரிமாறும் முன் அத்தான் என்னிடம் கேட்பார்: "எத்தனை பேருக்கு? உன் போன்ல பார்த்துச் சொல்லேன்."

அன்று பந்தி முடிந்து வேனில் பாத்திரம் ஏற்றும்போது சேகர் அண்ணன் சொன்னார்: "நான் போன் அடிச்சா ஒருத்தனும் எடுக்க மாட்டான். உன் பொத்தானை எல்லாரும் தட்டியிருக்காங்க. எனக்கு அது வேணும் லா. ஆனா பேரெல்லாம் என்கிட்ட வந்து சேரணும்."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பந்திங்கில் அவர் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் இரண்டு மூட்டை வெங்காயம் உரித்தேன். பிறகு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, பொத்தானைத் தட்டினால் அவர் வாட்ஸ்அப்புக்குச் செய்தி போகும்படி மாற்றி எழுதினேன். என் பெயரைப் போட்டு, 'ஒருவர்' என்று போட்டு, தட்டினேன். மல்லிகை உதிர்ந்தது. அனுப்பினேன்.

அடுப்படியில் அவர் போன் சிணுங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார்.

"டேய், யாரோ ஒருத்தன் வரானாம்!" என்று கத்தினார்.