இருநூற்றைம்பது ரூபாய் ராஜா தட்டு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வறுத்த மீன் கடை வைத்திருந்தான் செங்குட்டுவன். எண்பது ரூபாய் சங்கரா தட்டை நூறாக்கிய முதல் நாளே, வழக்கமாக வருகிறவர்களில் மூன்று பேர் போர்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பரோட்டா கடைக்குப் போய்விட்டார்கள். எண்ணெய் விலைதான் ஏறியிருந்தது. இப்போது அவன் ரத்த அழுத்தமும் ஏறியது.

"பழைய வெலைக்கே குட்த்துர்லாமா மே?" என்று மனைவி மாயாவிடம் கேட்டான்.

"குட்த்தா கடைய மூட வேண்டியதுதான். நூறுக்கு மேல இன்னொரு வெல எழுது."

அவளே மறுநாள் சாக்பீஸ் எடுத்து எழுதினாள்: ராஜா தட்டு, வஞ்சிரம், எறா, ரூ. 250.

"நூறுக்கே ஓட்றானுங்க. இத்த எவன் வாங்குவான்?"

"பந்தயமா? இன்னிக்கு ஒரு ராஜா தட்டு போச்சுன்னா, ஒரு மாசம் வூட்ல சமையல் உன்னுது. போவலன்னா உன் தங்கச்சி குடும்பம் ஒரு மாசம் வந்து தங்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன்."

உடனே தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான் பயம் வந்தது.

சாயங்காலம் கன்டெய்னர் லாரி ஓட்டும் துரை வந்தான். நேற்று ஓடிய மூவரில் ஒருவன். அவன் கண் நேராக இருநூற்றைம்பதில் போய் நின்றது.

"ராஜா தட்டுல இன்னா கீது நைனா?"

"ஒண்ணுமில்ல மாமு. சங்கராதான் இன்னிக்கு ஃப்ரெஷ்ஷு. நூறு ரூபா."

"நூறுதானா? ரெண்டு போடு."

அதற்குப் பிறகு யார் போர்டைப் பார்த்தாலும் குறுக்கே போய் நின்றான். காரில் வந்த ஒருவரிடம், "வஞ்சிரம் முள்ளு ஜாஸ்தி சார்" என்றான். அந்தக் கடற்கரையில் இப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான். அவரும் மூன்று சங்கரா வாங்கிப் போனார்.

ஏழு மணிக்குச் சங்கரா தீர்ந்தது. ராஜா தட்டு ஒன்றுகூடப் போகவில்லை. நிம்மதியாகத் தங்கச்சியைக் கூப்பிடப் போனை எடுத்தான். மாயா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஒரு இருநூறு நோட்டையும் ஓர் ஐம்பதையும் நீட்டினாள்.

"ஒரு ராஜா தட்டு."

"நீ எப்டி மே வாங்கலாம்?"

"பொண்டாட்டிக்கு இல்லன்னு எங்க எழுதிக்கீது?"

போனை வைத்துவிட்டு வஞ்சிரத்தை எண்ணெயில் போட்டான். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள்.

"நல்லாத்தான் கீது மாமா. நாளைக்கு வூட்ல ஏழு பேருக்குச் செய்யி. எங்கண்ணன் குடும்பத்த வரச் சொல்லிக்கீறேன்."