இரைச்சலை நிறுத்தும் விரல்

பிஸ்மில்லாஹ்

முந்தல்,
சனிக்கிழமை அஸருக்கு முன்.

கண்ணியத்துக்குரிய சம்மந்தி நூஹு நானா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆலங்குடாவில் நீங்களும், உங்கள் வள்ளமும், வலையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நான், என் மனைவி நஃபீஸா, மகள் றுமைஸா, உங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான அக்ரம் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், என் வலது கை ஆட்காட்டி விரலைத் தவிர. அந்த விரலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். என் தொண்டை உங்களுக்குத் தெரியும். முந்தல் பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலையில் இருந்து பென்சனுக்கு வந்தவன் நான். போனில் ரகசியம் கதைத்தால் எதிர்க் கடைக்காரன் பதில் சொல்வான். இது மாப்பிள்ளையின் காதில் விழக்கூடாத கதை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் முறைப்பாடு. நம் வழக்கப்படி உங்கள் மகன் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஒரு உடுப்புப் பெட்டியும் ஒரு ரெக்கோட் பிளேயரும் கொண்டுவந்தார். ஆலங்குடா ஹோட்டலில் அவர் வேலை செய்த காலத்தில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓட வந்த ஒல்லாந்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன மெஷின் அது என்று உங்களுக்குத் தெரியும். கூடவே ஒரு பெட்டி இசைத்தட்டும். அந்தத் தட்டுகளில் ஒருவரும் பாடுவதில்லை. ஒரு ஆள் ஊதுகிறார், இன்னொரு ஆள் பின்னால் நின்று எதையோ தொலைத்தவர் போலத் தட்டிக்கொண்டே இருக்கிறார். சிலாபத்துத் தேங்காய் மில்லில் கணக்கு வேலை முடிந்து வந்ததும் மாப்பிள்ளை முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்பார். நாங்கள் அடுப்படியில் இருந்து, அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

நானா, நாங்கள் அவரை எவ்வளவு மரியாதையாக வைத்திருந்தோம் என்பதற்கு அல்லாஹ் சாட்சி. அவர் வரும் சத்தம் கேட்டால் நான் கதிரையை விட்டு எழுந்து பின்வாசலால் வெளியே போய்விடுவேன். நஃபீஸா அப்போதெல்லாம் அவர் முன்னால் வருவதே இல்லை, திரைக்குப் பின்னால் நின்றுதான் எல்லாம். அவர் சாப்பிடும்போது மீனின் நடுத்துண்டு, முட்டை, பொரியல் எல்லாம் மேசையில் வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் மறைந்துவிடுவோம். நூறு பஸ்ஸை அதட்டி அனுப்பிய என் குரல் மாப்பிள்ளையைக் கண்டதும் எங்கே போகிறதென்று எனக்கே தெரியாது. வந்து எட்டு மாசத்தில் நானும் அவரும் பேசிக்கொண்டது ஸலாம் மட்டும்தான்.

இப்படி மரியாதை நிரம்பி வழிந்துகொண்டிருந்த வேளையில்தான் நஃபீஸா முன்னறையைத் துப்புரவாக்கப் போனாள். மெஷினின் மூடியைத் திறந்திருக்கிறாள். தட்டின் மேல் வைக்கும் அந்த நீளமான கையின் நுனியில் ஏதோ ஒரு தும்பு ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிந்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தாள், போகவில்லை. நகத்தால் நன்றாகச் சுரண்டினாள், போய்விட்டது. போனது தும்பு அல்ல, ஊசி. அன்றைக்கு மாலை மாப்பிள்ளை வந்தார், மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். ஏசியிருந்தால் நஃபீஸா அழுது தீர்த்திருப்பாள். ஏசாத மனிசரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? திரைக்குப் பின்னால் நின்று அவள் மூக்கைச் சிந்தியது மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் றுமைஸா என்னிடம் மெதுவாகச் சொன்னாள், மாப்பிள்ளை சிலாபத்தில் மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறாராம். பஸ் பயணம் களைப்பாம். உங்களிடமும் சொல்லியிருப்பார். நானா, அந்த பஸ்ஸில் அவருக்கு ஒவ்வொரு நாளும் யன்னல் சீட் கிடைக்க என்னிடம் வேலை பழகிய பையன்களிடம் சொல்லி வைத்தவன் நான். களைப்பு எங்கிருந்து வந்தது? எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அவள் போனால் இந்த வீட்டில் நானும் நஃபீஸாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அவளைப் பிரிவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. போக வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

சரி, வாயால் முடியாததை ஊசியால் முடிப்போம் என்று புறப்பட்டேன். சிலாபத்தில் முதல் கடையில் ஊசி என்றதும் தையல் மெஷின் ஊசி தந்தார்கள். இரண்டாவது கடையில், நல்ல மனிசன், டாக்டரிடம் போகச் சொன்னார். ரேடியோ திருத்துகிற ஒருவர்தான் உடைந்த துண்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, "மாத்தயா, ஊசி மட்டும் தேடினா கிடைக்காது. ஊசியோட சேர்ந்த இந்த முழுத் துண்டையும்தான் மாத்தோணும், காட்ரிஜ் எண்டு சொல்லுறது, வெளிநாட்டுக்கு ஓடர் போடோணும்" என்றார். ஓடர் போட்டோம். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் பார்சலுக்காகக் காத்திருந்து ஒவ்வொரு நாளும் தபால்காரரை வாசலில் மறித்தேன். கடைசியில் வந்த பெட்டி பாண் அளவு. அதற்குள் ஒரு பெட்டி, அதற்குள் இன்னொன்று, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஏலக்காய் அளவு சாமான். விலை எனக்கும் படைத்தவனுக்கும் மட்டும் தெரியும். இரண்டு பேரும் நஃபீஸாவிடம் சொல்லமாட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அதை மாப்பிள்ளையின் மேசையில் வைத்துவிட்டு வழக்கம்போல பின்வாசலால் ஓடப் பார்த்தேன். ஆனால் றுமைஸா வந்து, "வாப்பா, இதப் பூட்ட நாலு கை வேணுமாம், உங்களக் கூப்பிடுறார்" என்றாள். நான் உள்ளே போய் தலையைக் குனிந்து நின்றேன். அவரும் தலையைக் குனிந்து நின்றார். நடுவில் மெஷின். அந்த ஏலக்காயின் பின்னால் எறும்புக் கால் மாதிரி நாலு கம்பி மாட்ட வேண்டும், நாலும் நாலு நிறம். பிறகு இரண்டு பொடித் திருகாணி. அதை முறுக்கும்போது ஒரு தாளில் கீறிய கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பிடிக்க வேண்டும், அவர் பார்க்க வேண்டும். வேலை லேசு. ஆனால் நாங்கள்தான் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லையே.

"றுமைஸா, மாமாவுக்கு இடப்பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை.

"வாப்பா, இடப்பக்கமாம்."

"எனக்கு இடமா, அவருக்கு இடமா எண்டு கேளு மகள்."

"யாருக்கு இடமெண்டு வாப்பா கேக்கிறார்."

"போதும், போதும், நிப்பாட்டச் சொல்லுங்க."

"வாப்பா, நிப்பாட்டட்டாம்."

அந்தப் போதும் என் காதுக்கு வந்து சேரும்போது நான் கோட்டைக் கடந்து போயிருந்தேன். இப்படியே இடமும் வலமுமாக எத்தனை தடவை போய் வந்தோமோ. கடைசியில் றுமைஸா கையை உதறினாள். "எனக்குத் தேங்காய் திருவ இரிக்கி. ரெண்டு பேரும் மனிசரப் போல கதைச்சுக்கொள்ளுங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவள் போன அதிர்ச்சியில் என் கையிலிருந்த திருகாணி விழுந்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்தோம். தலையும் தலையும் முட்டியதில் எனக்குக் கண் இருட்டிவிட்டது.

"பட்டுட்டா மாமா?"

"இல்ல மாப்பிள்ள. ஒங்களுக்கு?"

"எனக்குக் கொஞ்சம் பட்டுட்டு."

எட்டு மாசத்தில் அதுதான் எங்கள் முதல் கதை. நெற்றியைத் தடவிக்கொண்டு இரண்டு பேரும் நிலத்தில் தவழ்ந்து தேடுகிறோம், திருகாணியைக் காணவில்லை. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து நஃபீஸாவின் குரல், "கதிரைக் காலுக்குப் பக்கத்தில, பாய் மடிப்புக்குள்ள" என்றது. திரைக்குப் பின்னால் இருந்தபடி அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மாப்பிள்ளை சிரித்தார் நானா. உங்கள் மகன் சிரிக்கும்போது பல்லெல்லாம் தெரிகிறது. நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு ஊசியின் பாரம் இரண்டு கிராம் இருக்க வேண்டும் என்று நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றை வைத்து நிறுத்தார். கூடினால் தட்டு தேயுமாம், குறைந்தால் ஊசி துள்ளுமாம். மிதிபலகையில் ஆள் தொங்கத் தொங்க பஸ் அனுப்பியவனுக்கு இரண்டு கிராமின் அருமை எங்கே தெரியப் போகிறது. எல்லாம் முடிந்து தட்டைப் போட்டார். ஊதுகிற ஆளின் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரில் பெரிய வண்டு ஒன்று புகுந்தது போல ஒரே இரைச்சல். மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. நான் பதறிப்போய் மெஷினை நிறுத்தப் போனேன், என் விரல் பின்பக்கத்து இரும்புத் திருகாணி ஒன்றில் பட்டது. இரைச்சல் நின்றது. விரலை எடுத்தேன், வண்டு வந்தது. வைத்தேன், போனது.

"மாமா, அப்படியே இரிங்க" என்றார் மாப்பிள்ளை.

அப்படியே நின்றேன் நானா. தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை நின்றேன். அது பூட்ட வேண்டிய ஒரு பச்சை வயர் இல்லாததால் வரும் இரைச்சலாம். இரண்டு முனையிலும் நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்குமாம், ஆலங்குடா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டுமாம். வேறு ஏதாவது வயர் கட்டக்கூடாதா என்று கேட்டேன். "அதுக்கெண்டே ஒரு வயர் இரிக்கி மாமா" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். படித்த பிள்ளை, அவருக்குத் தெரியாதா. கரண்ட் அடிக்கும் என்று நஃபீஸா திரைக்குப் பின்னால் கத்தினாள். அடிக்காது மாமி என்று அவர் திரையைப் பார்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் மில்லால் வந்ததும் கூப்பிடுகிறார். நான் போய் விரலை வைக்கிறேன். விரலை வைத்துக்கொண்டு பின்வாசலால் ஓட முடியாதல்லவா, அதனால் கதை வந்துவிடுகிறது. மில்லின் கதை, கடலின் கதை, உங்கள் கதை. நீங்களும் அவரும் ஒரே சஹன் தட்டத்தில் கை வைத்துச் சாப்பிட்டு, எலும்பை ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டு விளையாடுவீர்களாமே. அதைச் சொன்ன அன்றைக்குத்தான் இதையும் சொன்னார். "மாமா, கோவிக்கப்படா. நான் வந்து எட்டு மாசம். இன்னும் விருந்தாளியாத்தான் இரிக்கன். தனிய இருந்து சாப்பிடுறன். எனக்கு மீன் தலைதான் விருப்பம், எட்டு மாசமா நடுத்துண்டே தாறாங்க."

நானா, எனக்கு மீன் தலை பிடிக்காது. நடுத்துண்டு மாப்பிள்ளைக்குப் போவதால் எட்டு மாசமாக அந்தத் தலையை நான்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. ஒரு பிள்ளையை மரியாதை என்ற பெயரில் தனியாக ஒரு மேசையில் விட்டுவிட்டு, அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். களைப்பு எந்த பஸ்ஸில் வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அன்றிரவு நானும் அவரோடு இருந்து சாப்பிட்டேன். தலை அவருக்கு, நடுத்துண்டு எனக்கு. நஃபீஸா திரைக்கு வெளியே வந்து, முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு, "ஊசிக்கு மன்னிச்சிருங்க மகன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உள்ளே ஓடிவிட்டாள்.

ஆனால் சிலாபத்து வீட்டின் கதை மட்டும் வரவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்காரருக்கு அவர் முடிவு சொல்ல வேண்டும். நான் கேட்கவில்லை. விரல் வைத்ததற்குக் கூலியாக இருக்கச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துவிடக்கூடாது. இப்போது அந்த விரல் மரத்துப் போயிருக்கிறது, முழங்கால் வலிக்கிறது, மாலையில் தேத்தண்ணிக் கடையில் என்னைக் காணவில்லை என்று ஆட்கள் வீட்டுக்கு வந்து சுகம் விசாரிக்கிறார்கள். ஆகையால் தயவுசெய்து உங்கள் வீட்டில் அந்தப் பச்சை வயரைத் தேடுங்கள். அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, வலைப் பெட்டிக்குள்ளும் பாருங்கள். கல்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்தால் போதும், முந்தலில் நான் இறக்கிக்கொள்வேன். சிலாபத்துக்குப் போவதென்றாலும் அவருக்கு அது வேண்டும். அங்கே விரல் வைக்க யார் இருக்கிறார்கள்?

உங்களுக்கு நீண்ட ஆயுளையும், வலை நிறைய மீனையும், நம் இரண்டு பிள்ளைகளுக்கு எந்த ஊரில் இருந்தாலும் மனப் பொருத்தத்தையும் அல்லாஹ் தருவானாக. நஃபீஸாவும் றுமைஸாவும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்மந்தி,
அத்தாஉல்லா

பிற்குறிப்பு: ஞாயிறு காலை. கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது நஃபீஸா கிணற்றடியிலிருந்து வந்தாள். கழுவ எடுத்த மாப்பிள்ளையின் சட்டைப் பொக்கட்டில் இது கிடந்தது, என்ன சாமான் என்று நீட்டினாள். பச்சை வயர். இரண்டு முனையிலும் நண்டுக் கொடுக்கு. ஊசி உடைவதற்கு முந்தி அந்த மெஷின் இரையாமல்தானே பாடியது, அதை நான் ஒருநாளும் யோசிக்கவில்லை பாருங்கள். வயரைத் திரும்ப அதே பொக்கட்டில் வைத்து, சட்டையைக் கழுவாமல் இருந்த இடத்திலேயே மாட்டிவிடச் சொன்னேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை, அழுதுகொண்டே போய் மாட்டினாள். சற்று முன் மாப்பிள்ளை முற்றத்தில் நின்று சிலாபத்து வீட்டுக்காரருடன் போனில் கதைத்தது யன்னலால் கேட்டது. "இல்ல ஹாஜியார், வேற ஆளுக்குக் குடுங்க. எங்கட வாப்பா இல்லாம அந்த மெஷின் பாடாது" என்றார். எங்கட மாமா என்று சொல்லவில்லை நானா, வாப்பா என்றார், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆகவே வயரைத் தேட வேண்டாம். அவர் எப்போதாவது உங்களிடம் கேட்டால், ஓம், தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். விரல் சுகம்.