ஏழாவது இலக்கு

தொம்மலூர்,
பெங்களூரு.

அன்பு மச்சான் சின்னப்பா அவர்களுக்கு உத்தமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தண்ணீர் லாரி வருகிற நாட்களில் நாங்கள் சௌக்கியம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் பேசினால் உங்கள் தங்கை சொர்ணம் பிடுங்கிக்கொண்டு வேறு கதை பேசுவாள், அதனால் கடிதம்.

மகள் கிருத்திகாவை எங்கள் கல்லூரியில் அரசியல், தத்துவம், பொது விவகாரம் மூன்றும் சேர்ந்த பி.ஏ.வில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தத்துவத் துறைத் தலைவன் நானே சொல்கிறேன், வேண்டாம். கல்லூரிக்குத் தரம் போட ஆய்வுக் குழு வரப்போகிறது, இந்தப் படிப்பை முடித்த பிள்ளைக்கு என்னென்ன வந்திருக்கும் என்று கற்றல் இலக்குகள் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். 'வாழ்க்கையைப் புரிந்துகொள்வார்கள்' என்று ஆரம்பித்தேன். பிரின்ஸிபால் கோவிந்தப்பா பேனாவால் ஒரே அடி. "புரிஞ்சுக்கிறது பேடா, வேண்டாம் சார். அதை எப்படி அளக்கறது? அளக்கற மாதிரி எதாவது போடுங்க" என்றார். அப்படியே நேர்மை போயிற்று, மனசாட்சி போயிற்று, 'நீதி பற்றிய மூன்று கொள்கைகளைப் பட்டியலிடுவார்கள்' மட்டும் பிழைத்தது. எரிச்சலில் ஏழாவதாக, 'அதிகாரத்தில் இருப்பவர்களிடம் அமைதியாக, அச்சமின்றிக் காரணம் கேட்பார்கள்' என்று எழுதி நீட்டினேன். அடிப்பார் என்று பார்த்தால், "சூப்பர் சார்!" என்று அதைப் பேனராக அடித்து கேட்டிலேயே கட்டிவிட்டார்.

பேனரைப் பிள்ளைகள் படித்துத் தொலைத்துவிட்டார்கள் மச்சான். லைப்ரரியில் உட்கார்ந்து படிக்கிற ஹாலை ஏதோ தனியார் தேர்வு நடத்துபவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பூட்டியிருந்தார்கள். இரண்டாம் வருஷத்து மமதா, கோலார் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிற பெண், இன்னும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பிரின்ஸிபால் அறை வாசலில் உட்கார்ந்து, ஹாலை ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டாள். கோஷம் கிடையாது, கல் கிடையாது, செருப்பைக்கூட வரிசையாகக் கழற்றி வைத்திருந்தார்கள். பிரின்ஸிபால் வெளியே வந்து, சிரித்துக்கொண்டே போட்டோ எடுக்கச் சொன்னார். அந்தப் போட்டோ இப்போது இரண்டு ஃபைலில் இருக்கிறது. ஒன்றில், ஏழாவது இலக்கு நிறைவேறியதற்குச் சான்று. இன்னொன்றில், ஒழுங்கு மீறியவர்களின் முக அடையாளம், ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷன். இரண்டிலும் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். முதலாவதில் துறைத் தலைவனாக, அடுத்ததில் ஒழுங்குக் குழு உறுப்பினனாக.

நேற்று படிக்கட்டில் மமதா என்னை நிறுத்தி, "சார், ஏழாவதுல நான் பாஸா ஃபெயிலா? அது மட்டும் சொல்லிடுங்க" என்றாள். விடை இல்லாத கேள்விதான் தத்துவத்தின் அழகு என்று வருஷக்கணக்காக வகுப்பில் பீற்றிக்கொண்டவன் நான். வாட்சைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது, இருக்கிறது.

ஆகவே கையெழுத்துப் போடுவதாக இல்லை. நாளைக் காலையில் ராஜினாமாவை மேஜையில் வைத்துவிட்டு வருவேன். சொர்ணத்திடம் சொன்னேன். "வெச்சிட்டு வா, தத்துவத்த வதக்கி வெக்கிறேன், ராவுக்கு துன்னலாம்" என்றாள். அவள் கிடக்கிறாள். நீங்கள் கிருத்திகாவை கணக்கோ கம்ப்யூட்டரோ எதிலாவது போடுங்கள். சரியாகச் செய்ததற்காக அங்கே யாரும் தண்டிக்க மாட்டார்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். கிருத்திகா தலை நிமிர்ந்து வாழ மாமாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
உத்தமன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் கல்லூரிக்குப் போய் வந்துவிட்டேன். இரண்டிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. இந்த வருஷம் ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்கிறார்கள். எனக்கு ஒரு தலை குறைகிறது. திங்கட்கிழமை கிருத்திகாவை அழைத்து வாருங்கள். சாதுவான பெண், எதுவும் கேட்க மாட்டாள் என்று பிரின்ஸிபாலிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மமதா இருந்த கட்டில் காலியாகிறது. ஜன்னலோரம், நல்ல காற்று வரும்.