கழுதை சாகவில்லை

முப்பத்தொரு வருடம் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் நான். பாடப்புத்தகத்துக்குள் கதைப்புத்தகத்தை ஒளித்துப் படிக்கிற பிள்ளைகளை, பக்கம் புரளும் வேகத்தை வைத்தே பிடித்துவிடுவேன். (தனிம அட்டவணையை யாரும் அவ்வளவு ஆவலாகப் புரட்டுவதில்லை.) பறித்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்ததும் இல்லை. அப்பேர்ப்பட்ட நான் எழுபதாவது வயதில், திராட்சை சாகுபடிக் கையேட்டுக்குள் பேத்தியின் மாயாஜாலக் கதையை ஒளித்துப் படித்து அகப்பட்டேன். அகப்பட்டபோது நீல நிறத்தில் இருந்தேன்.

பேத்தி யாழினிக்கு அப்போது பத்தாம் வகுப்பு. அவள் உயிராக நினைத்த தொடர்கதை ஒன்று. பறக்கத் தெரிந்தும் உயரத்தைக் கண்டால் நடுங்குகிற ஒரு கழுதை, அதன் மேல் ஊர் ஊராய்ப் போகும் ஒரு பெண். முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கழுதை பாதாள ஆற்றில் மூழ்கிவிடுகிறது. செத்ததா, பிழைத்ததா? ஒரு வருடமாக அவளுக்கு அதே கவலை. இரண்டாம் புத்தகம் வந்த நாளில் பரீட்சை தொடங்கிவிட்டது. பிரிக்காத பார்சலை என்னிடம் கொண்டுவந்தாள்.

“எங்கிட்ட இருந்தா படிச்சிருவேன் தாத்தா. அம்மாகிட்ட குடுத்தா எங்கன ஒளிச்சாகன்னு அவுகளுக்கே மறந்துரும். நீங்கதான் கதைப் பொஸ்தகத்தைக் கையால தொடமாட்டீக. கடைசிப் பரீட்சை முடிஞ்சதும் குடுங்க.”

தலையாட்டினேன். அவள் பள்ளிக்கூடம் போன நேரங்களில் முதல் புத்தகத்தை இரண்டு முறை படித்து முடித்திருந்ததைச் சொல்லவில்லை.

நான்கு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் பார்சலைப் பிரித்தேன். முதல் புத்தகத்தில் ஊரையும் ஆட்களையும் அறிமுகம் செய்யவே பாதிப் பக்கங்கள் போய்விடும். இரண்டாவதில் அந்தத் தொல்லை இல்லை. தெரிந்த வீட்டுக்குப் போய் நேரே அடுப்படியில் உட்காருகிற மாதிரி. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் படித்ததில்லை.

மறுநாள் எங்கள் அனுமந்தன்பட்டித் தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடிப்பு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்து. டிரம் பக்கத்தில் நின்று மருந்தைக் கலக்கிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு மகன் கம்பம் டவுனுக்குப் போனான். நான் நாலு கலக்குக் கலக்கினேன். பிறகு நிழலுக்காகப் பந்தலுக்குள் போய், காலிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். கையேடு வெளியே, கழுதை உள்ளே.

பந்தலில் மருந்தைக் கீழிருந்து மேலே அடிப்பார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நுழையும் முன் “மருந்து வருது!” என்று சத்தம் கொடுப்பது வழக்கம். மருந்தடிக்கிற பாண்டி மூன்று முறை கொடுத்தானாம். நான் பாதாள ஆற்றில் இருந்தேன். மேலிருந்து சளசளவென்று கொட்டியபோதுகூட, கதாசிரியர் வர்ணனையில் கெட்டிக்காரர் என்றுதான் நினைத்தேன்.

“ஏலே, மோட்டாரை நிறுத்து! வாத்தியாரய்யா உள்ள இருக்காக!”

பாண்டி ஓடிவந்து, கீழே விழுந்த புத்தகத்தை எடுத்தான். அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

“றெக்கை வச்ச கழுதை! இது திராட்சையில விழுகுற எந்தப் பூச்சிங்கய்யா?”

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். என்னைக் கழுவவில்லை, புத்தகத்தைத்தான். வேதியியல் படித்தவன் அல்லவா? காரக் கறைக்கு அமிலம் என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து துடைத்தேன். புள்ளிகள் கரைந்தன. கரைந்து பக்கம் முழுக்கப் பரவின. வேறு வழியில்லாமல் துணி காயும் கொடியில், என் வேட்டிக்கும் மருமகளின் சேலைக்கும் நடுவே, புத்தகத்தை விரித்துக் கிளிப் மாட்டினேன்.

அன்றைய பரீட்சை முடிந்து யாழினி நேரே கொல்லைப்புறம் வந்தாள். கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மீசையிலிருந்து நீலம் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பரீட்சை பாக்கி.

“நீங்க தொடமாட்டீகன்னுதான தாத்தா குடுத்தேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே! வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

“அழாதம்மா. கழுதை சாகல.”

அழுகை நின்றது. நல்ல வார்த்தை சொல்லிவிட்டோம் என்று ஒரு வினாடி பெருமைகூடப் பட்டேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“அம்மா!” என்று கத்தினாள். “தாத்தா கதையைச் சொல்லிட்டாக!”

மருமகள் கரண்டியோடு ஓடிவந்து, “மாமா, முதல்ல மூஞ்சியக் கழுவுங்க. பேசவே பேசாதீக” என்றாள்.

இரண்டு நாள் யாழினி என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும், கதையின் முடிவு தெரியாமல் என்னிடம் புத்தகத்தைப் பறிகொடுத்த பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டேன். அவர்களுடைய கழுதைகளெல்லாம் என்ன ஆயினவோ. கடைசிப் பரீட்சை முடிந்த மாலை, நீலம் பாய்ந்த புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எப்படிப் பொழைக்குதுன்னு மட்டும் சொல்லிராதீக” என்று என் வாயில் துண்டைச் சுற்றிவிட்டுப் படித்தாள். அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நல்ல செய்தி எதுவானாலும் ‘கழுதை சாகல’ என்கிற அந்த இரண்டு சொல்தான். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் மகன் ஊருக்குப் போன் செய்து அதைத்தான் சொன்னான். (பக்கத்தில் நின்ற நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.) இந்த வருடம் யாழினிக்குப் பிளஸ் டூ முடிவு வந்தது. அறையிலிருந்து சத்தமே இல்லை. வாசலில் நின்று, “என்னம்மா ஆச்சு?” என்றேன்.

கையில் மூன்றாம் புத்தகத்தோடு வெளியே வந்தாள். அவள் படித்து முடித்துவிட்டாள். நான் இன்னும் தொடவில்லை.

“பரீட்சையில கழுதை சாகல தாத்தா” என்றாள். புத்தகத்தை என் கையில் வைத்தாள். “இதுல என்னாச்சுன்னு சொல்லவா?”

துண்டை எடுத்து நானே என் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.