பன்னிரண்டு மணிக்குள் ஒரு வாய்

மனித நாகரிகமே ஈறுகளின் மேல்தான் நிற்கிறது என்று ஈறு மருத்துவர் மேடைக்கு மேடை முழங்குவார். அன்று காலை அந்த நாகரிகத்தில் ஒரு வாயைக்கூட அவரால் திறக்க வைக்க முடியவில்லை.

சிறப்புத் தேவை உள்ள பெரியவர்களுக்கான பகல்நேர இல்லம். எட்டுப் பேரின் ஈறுகளைப் பரிசோதிக்க வேண்டும். "பன்னெண்டுக்குள்ள முடியலைன்னா உங்க ஜூனியரை அனுப்பிடுங்க டாக்டர்" என்று நிர்வாகியம்மா சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜூனியரா! டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

முதல் நாற்காலியில், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிறவர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செல்லம், டாக்டர் மாமாவுக்கு ஆ காட்டுங்க!" டாக்டர் முகத்துக்கு நேரே குனிந்தார்.

கேப்டன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "எனக்கு நாப்பத்திரெண்டு வயசு."

அந்த ஒரு நொடியில் இரண்டு பல் தெரிந்தது. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றாள் நர்ஸ்.

"தள்ளி நின்னா பாசம் எப்படிம்மா வரும்?"

முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, 'ஆ'வை ராகமாக இழுத்துப் பாடினார். பெஞ்சிலிருந்த ஏழு பேரும் கைக்குட்டையை எடுத்தார்கள்.

"எல்லாம் பயம்! நானே காட்டுறேன். பாருங்க, இதோ என் ஈறு, வலிக்குதா? இல்லையே!" வாயைப் பிளந்தபடி ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றார். பெஞ்சே எழுந்து ஜன்னலோரம் போய்விட்டது.

மணி பதினொன்று. அவர் பெயருக்குப் பின்னால் பட்டம் மூன்று வரிக்கு நீளம். காலையிலிருந்து திறந்த வாய் ஒன்றே ஒன்று, அதுவும் என்னுடையது என்று நொந்துகொண்டார். அசடு வழியும் முகத்தை மறைக்க முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

கேப்டன் வந்து உட்கார்ந்தார். வாயை அகலமாகத் திறந்தார்.

அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. பன்னிரண்டு அடிப்பதற்குள் எட்டு வாயும் முடிந்தது. இரண்டு பேருக்குத்தான் ஈறு வீக்கம்.

நிர்வாகியம்மா வந்து அசந்து போனார். "எப்படி டாக்டர்?"

"அன்பும்மா! பேசிப் பேசியே கரைச்சேன்." டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "நீங்களே சொல்லுங்க கேப்டன், என் மேல எப்போ நம்பிக்கை வந்துச்சு?"

"நம்பிக்கை முதல்லயே இருந்துச்சு டாக்டர். உங்க வாய்தான் நாறுது."