சௌனாவில் காய வைத்த மைக்

ராவுமா,
ஏப்ரல் 14, புதன்

அன்பும் மதிப்பும் மிக்க உர்ஹோ மாமாவுக்கு,

சாய்மி எழுதுவது. விரிகுடாவில் பனி உருகிவிட்டது, அம்மாவின் முழங்கால் வலி மட்டும் உருகவில்லை. மற்றபடி அனைவரும் நலம். உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். நீங்கள் பாகம் பாகமாக அனுப்பி என்னைக் கட்டச் சொன்ன டியூப் மைக்கையும் அதன் பவர் சப்ளைப் பெட்டியையும் இத்துடன் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இந்த வீட்டின் முதல் பட்டதாரி என்று அப்பா கப்பல் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார். நானோ மூன்று நேர்முகத் தேர்வுகளில் தண்ணீர் கேட்டதற்கு மேல் ஒன்றும் பேசாமல் திரும்பினேன். பார்வையற்றோர் ஒலிநூலகத்தில் புத்தகம் வாசிக்கும் வேலை என்றதும் எனக்காகவே செய்த வேலை என்று தோன்றியது. மூடிய அறை, எதிரில் மனிதர்களே கிடையாது. திங்கள் நண்பகலுக்குள் பத்து நிமிடக் குரல் பதிவு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நீங்கள்தான், "கடையில விக்கிறதெல்லாம் மைக்கா? பழைய ரேடியோல இருக்குற மாதிரி டியூப் வச்சு நாமளே கட்டுனாத்தான் குரல்ல உயிர் இருக்கும்" என்றீர்கள்.

மூன்று வாரம் உட்கார்ந்து கட்டினேன். நான் சால்டர் வைத்த இடங்களை அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார். முப்பது வருடம் கப்பலுக்கு வெல்டிங் செய்த கண். "கப்பல்ல இப்படி ஒட்டுனா மீன் உள்ள வந்துரும், புள்ள" என்று சொல்லிக்கொண்டே, அணைத்து வைத்திருந்த பவர் சப்ளைக்குள் விரலை விட்டு, நாற்காலியோடு பின்னால் போனார்.

"அணைச்சுட்டேன்னு சொன்னியே?"

"அணைச்சாலும் கெபாசிட்டருக்குள்ள இருநூறு வோல்ட் நிக்கும்ப்பா. கொஞ்ச நேரம் விட்டுத்தான் தொடணும்."

"அப்ப உங்கம்மா மாதிரி."

"காதுல விழுது" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

அடுத்து உறுமல். பவர் சப்ளையை மைக்கின் பக்கத்திலேயே வைத்ததால் தேனீக்கூட்டுக்குள் உட்கார்ந்து படிப்பதுபோல இருந்தது. நீளமான கேபிள் போட்டு அதை அடுத்த அறைக்குத் தள்ளி, மைக்கைச் சௌனாவில் வைத்தேன். ஆவிக் குளியல் இல்லாத நேரத்தில் எங்கள் வீட்டில் அதைவிட அமைதியான அறை இல்லை, சுவரெல்லாம் மரம், எதிரொலியே கிடையாது. அடுப்பு மூட்டாத வெள்ளிக்கிழமை அங்கே பத்து நிமிடம் வாசித்துப் பதிவும் செய்துவிட்டேன். ஆனால் பின்னணியில் யாரோ மீன் பொரிப்பதுபோல ஒரே கரகரப்பு. போனில் கேட்டபோது, "உள்ள ஈரம் ஏறியிருக்கும், இளஞ்சூட்டுல காய வை" என்றீர்கள்.

மாமா, அதைப் போன் ஸ்பீக்கரில் சொல்லியிருக்கக் கூடாது. நனைந்த பூட்ஸ், வலை, காளான் எல்லாவற்றையும் சௌனாவில் காய வைக்கும் அப்பா பக்கத்திலேயே இருந்தார். வாராந்திரக் குளியல் நாளான சனிக்கிழமை நாற்பது டிகிரிக்கு அடுப்பை மூட்டி, துண்டும் தண்ணீர் ஊற்றும் அகப்பையுமாகக் காவலுக்கும் உட்கார்ந்துவிட்டார். கரகரப்பு எப்போது நிற்கிறது என்று தெரிய வேண்டுமே என்று மைக்கையும் ரெக்கார்டரையும் ஓடவிட்டு, நான் அம்மாவோடு காப்பி குடிக்கப் போனேன். அரை மணி நேரம் கழித்து 'புஸ்' என்று பெரிய சத்தம், பிறகு ஃபியூஸ் போன சத்தம்.

"சூடான அடுப்புக் கல்லு மேல தண்ணி ஊத்துனீங்களா?"

"நான் எங்க ஊத்துனேன்? கை ஊத்திருச்சு" என்றார் அப்பா, ஆவிக்குள்ளிருந்து.

"சனிக்கிழமையும் அதுவுமா, கையில அகப்பையக் குடுத்து உக்கார வச்சா ஊத்தாம என்ன செய்வாரு?" என்று அம்மா அவருக்காகப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திங்கள் பதினொன்றே முக்காலுக்கு, ரெக்கார்டரிலிருந்த வெள்ளிக்கிழமைப் பதிவைக் கரகரப்போடே அனுப்பிவிட்டேன். என் குரலை மறுபடி கேட்கும் தைரியம் எனக்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். இன்று வரை பதில் இல்லை. வேலை போனது போனதுதான். இந்த மைக் இனி என் கண்ணில் பட வேண்டாம்; நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு என் வணக்கம். அப்பா வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அதையும் உங்களிடம் சொல்லச் சொன்னார்.

உங்கள் அன்பு மருமகள்,
சாய்மி

பி.கு.: பார்சலை ஒட்டி முடித்த நேரம் ஒலிநூலகத்திலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார். நான் அனுப்பியது வெள்ளிக்கிழமைப் பதிவல்ல, சனிக்கிழமையுடையது. கரகரப்பு நின்றதா என்று பார்க்க, நான் வெள்ளிக்கிழமை வாசித்துவிட்டு அங்கேயே விட்டுப்போன தாளை அப்பா மைக்கிடம் முழுதும் வாசித்துக் காட்டியிருக்கிறார். "யாருங்க அந்தக் குரல்? எங்க ஆபீஸே வேலைய நிறுத்திட்டுக் கேட்டுச்சு" என்றார் அந்தப் பெண்மணி. அப்பாவிடம் போனை நீட்டினேன். "தெரியாத பொம்பளகிட்ட நான் என்னத்தப் பேசுவேன்? நீயே பேசு" என்று அடுப்படிக்குள் போய்விட்டார். வேறு வழியில்லாமல் டியூப், உறுமல், அகப்பை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் இருபது நிமிடம் விளக்கினேன். அந்தம்மாள் சிரித்து முடித்து, "இப்பப் பேசுறது யாரு? நீங்களும் வாசிப்பீங்களா?" என்று கேட்டார். நாளை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார். பார்சல் வராது, மாமா. அப்பா சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறார்; அங்கே யாரிடமும் பேச வேண்டியிருக்காதே என்று இதுவரை நான்கு முறை கேட்டுவிட்டார்.