எசென்குல் கட்டிய சிவப்புத் துணி

மலைப்பாதையின் மூன்றாவது அர்ச்சா மரத்தில் எசென்குல் கட்டியது ஒரே ஒரு சிவப்புத் துணி. இன்று வந்து பார்த்தால் ஒன்பது தொங்குகிறது. அவனுடையது ஒன்று, மீதி எட்டும் வெள்ளை.

"அடப்பாவிகளா!" என்று மரத்தைப் பார்த்தே கத்தினான்.

இன்னும் ஐந்து நாளில் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து அதிகாரி வருகிறார்.

போன வருஷம் மேலே பனி உருகித் தேங்கிய ஏரி உடைந்து, ஆற்றோரப் பாதையையும் இரண்டு பாலங்களையும் விழுங்கிவிட்டது. ஆறு இனி அடிக்கடி இப்படித்தான் செய்யும் என்று எசென்குலுக்குப் புரிந்தது. அதனால் கடப்பாரையும் கழுதையுமாகப் போய், மலைமுதுகில் தனியாளாகப் புதுப் பாதை போட்டான். ஒரு மரத்தையும் சாய்க்கவில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஓரமாக வடிந்துவிடும். அதிகாரி ஒப்புக்கொண்டால் மலையேற வருகிறவர்கள் திரும்ப வருவார்கள். இல்லையென்றால் பள்ளத்தாக்கையே மூடிவிடுவார்கள். குதிரை வாடகைக்கு விடுகிறவர், கூடாரத்தில் விருந்தாளி வைக்கிறவர் எல்லோருக்கும் கோடைப் பிழைப்பு அதோடு போயிற்று.

பாதைக்குக் குறி வேண்டும். கேட்டிருந்த பெயின்ட் வந்து சேரவில்லை. எசென்குல் துணியைக் கட்டினான். அங்கேதான் சறுக்கினான்.

அந்தப் பக்கத்தில் மரத்தில் துணி இருந்தால் அது மசார், புனித இடம். பார்க்கிறவர்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைக் கட்டி வேண்டிக்கொண்டுதான் நகர்வார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது எப்படி மறந்ததோ! யானைக்கும் அடி சறுக்கும்.

பலகை எழுதி நட்டான்: 'இது மசார் அல்ல, பாதை. துணி கட்டக் கூடாது.'

மறுநாள் பலகையின் காலில் நாலு துணி.

"எல்லாத்தையும் அவுத்துப் போடறேன்," என்று வீட்டில் குதித்தான்.

மனைவி புருல் மாவுக் கையோடு வந்தாள். "அடுத்தவங்க வேண்டுதல்ல கை வெச்சே, நம்ம பசு பால் வத்திடும். கட்டினவங்கதான் அவுக்கணும். சொல்லிட்டேன்!"

சரி, துணியே வேண்டாம் என்று மூன்று மூன்று கல்லாக அடுக்கிக் குறி வைத்தான். மலைவழியில் கல் குவியலைக் கண்டுவிட்டு, தானும் ஒரு கல் வைக்காமல் தாண்டுகிற கிர்கிஸ்காரன் இன்னும் பிறக்கவில்லை. இரண்டே நாளில் குவியல்கள் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, சில இடங்களில் பாதையையே மறித்தன. மரங்களில் கிளை காலி இல்லாததால் துணிகளும் பக்கத்து ஆட்டுத்தடங்களுக்குப் பரவின.

கடைக்கார ஜூரா அக்காவிடம் ஓடினான்.

"அக்கா, வெள்ளைத் துணி விக்கிறதை நிறுத்துங்க!"

"அது தீந்து மூணு நாளாச்சுப்பா. இப்ப தலையணை உறையைக் கிழிச்சில்ல குடுக்கறேன்."

"அப்படி என்னதான் வேண்டிக்கறீங்க எல்லாரும்?"

"வெளிய சொன்னா பலிக்குமா? போ, போய் வேலையைப் பாரு."

அதிகாரி மைராம் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். குதிரை தயாராக நின்றும் வேண்டாம் என்றுவிட்டார்.

"நீங்க வாயே திறக்கக் கூடாது. குறியைப் பாத்து நானே நடப்பேன். அதான் சோதனை."

எசென்குல் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். முதல் துணி வரிசை அவரை ஆட்டுப்பட்டிக்குள் கொண்டுபோய் விட்டது. இரண்டாவது வரிசை ஒரு சேற்றுக் குட்டையில் இறக்கியது. மூன்றாவது, ஊரைச் சுற்றிக்கொண்டு ஜூரா அக்காவின் கொல்லைப்புறத்துக்கே திரும்பி வந்தது.

"குறி கிடக்கட்டும். நான் மண்ணைப் பாத்து நடக்கறேன்," என்றார் மைராம்.

பாதையைக் கண்டுபிடித்து உச்சிவரை ஏறினார். பாதியில் மழை பிடித்துக் கொட்டியது. அவர் ஒதுங்கவில்லை. குனிந்து குனிந்து தண்ணீர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கடை வாசலில் ஊரே கூடியிருந்தது. மைராம் தொப்பியைப் பிழிந்தார்.

"குறிக்கு முட்டை மார்க்."

எசென்குல் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆனா இந்த மழையில ஒரு கைப்பிடி மண்ணுகூடக் கரையலை. இந்த வருஷம் நான் பாத்ததுல பாதிப் பாதை ஆத்தோட போயாச்சு. இது நிக்கும். யார் போட்டது?"

"நான்தாங்க." எசென்குல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். அவன் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக எதையும் சொன்னதில்லை.

"பாதை தேறிடுச்சு. பெயின்ட் நானே அனுப்பறேன். அந்தத் துணிகளை மட்டும் அவுத்துடுங்க."

கோபம் அப்போதுதான் அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கேட்டுச்சா ஜூராக்கா? உங்க வேண்டுதலால என் பாதையே போயிருக்கும்! அது மசாரும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. எல்லாரும் போய் அவுத்துப் போடுங்க!"

"அவுத்துடறோம்ப்பா, அதான் பலிச்சுடுச்சே," என்றாள் ஜூரா அக்கா. "உன் பாதை தேறணும்னுதானே ஊரே கட்டினோம்!"